மல்பெரிப் பட்டையிலிருந்து வெள்ளைக் காகிதக் கூழ்: பெங்களூரில் முதல் 5 கிலோவைச் சமைக்கப் போகிறவர்களுக்கு

கூழ் வெளுக்கவில்லை என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "வெளுக்கும் மருந்தான பெராக்ஸைடை இன்னும் எவ்வளவு கூட்டலாம்?" என்பதுதான். கூட்ட வேண்டாம். கூழின் நிறம் சமையல் பாத்திரத்திலும் கழுவும் தொட்டியிலுமே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அங்கே விட்ட பிழையை எவ்வளவு மருந்து ஊற்றினாலும் திருத்த முடியாது. தொழில் ஓடுவதும் நிற்பதும் இதே மாதிரிதான். நீங்கள் எடுக்கிற காகிதத்தைவிட, பட்டையைச் சமைத்து வடித்து நீங்கள் வெளியே விடுகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்துத்தான் அனுமதி கிடைக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 5 கிலோ உலர்ந்த பட்டைக்கு.

1. மரத்தைத் தொடாதீர்கள், பட்டையில் தொடங்குங்கள்

யூகலிப்டஸ், சவுக்கு, சுபாபுல் எல்லாம் பெங்களூரைச் சுற்றி மலிவாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு அண்டாவில் போட்டு வேகவைக்காதீர்கள். மரத்தில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை லிக்னின். இந்த மாதிரி மரங்களில் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை அதுதான். அதைக் கரைக்கக் காஸ்டிக் சோடா மாதிரியான காரம் மட்டும் போதாது, 160 முதல் 170 டிகிரி வெப்பமும் வேண்டும். அதாவது அழுத்தக் கொப்பரை வேண்டும்.

ஆலைகளில் சமையலை அளக்க 'எச் காரணி' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 100 டிகிரியில் லிக்னின் கரையும் வேகத்தை 1 என்று வைத்தால், 170 டிகிரியில் அது 900-க்கு மேல். இந்த வேகத்தை மணி நேரத்தால் பெருக்கினால், மரத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 1,000 தேவை. 170 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த வெப்பத்தில் வேகம் 0.7 மட்டுமே. கணக்குப் போட்டால் 1,400 மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு மாதம். அதற்குள் காரம் தீர்ந்துபோயிருக்கும், இழையும் வீணாகியிருக்கும்.

மல்பெரிக் குச்சியின் உள்பட்டை வேறு வகை. இழை நீளம், லிக்னின் குறைவு, ஒட்டு பெரும்பாலும் காரத்தில் சுலபமாகக் கரையும் பெக்டின். திறந்த பாத்திரத்தில் மூன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. "சோடியம் சல்பைடு கொஞ்சம் சேர்த்தால் சீக்கிரம் வேகும்" என்று யாராவது சொல்வார்கள். ஆலைகளின் கிராஃப்ட் முறை அதுதான், உண்மையில் வேகமாகவும் வேகும். ஆனால் அந்தத் தண்ணீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அந்த நிலையில் ஆளைக் கொன்றுவிடும். வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் சல்பைடை வாங்கி வைக்கவே கூடாது.

2. ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காகித வேலை

இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இடம் பிடித்து, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, பாத்திரம் இறக்கிய பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறார்கள்.

முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசு இணையதளத்தில் ஒரே நாளில் முடியும். கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஜிஎஸ்டி பதிவையும் கையோடு முடித்துவிடுங்கள்.

அடுத்தது கர்நாடக மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம். தலைமை அலுவலகம் சர்ச் தெருவில், பரிசர பவனில். உங்கள் வேலை நடப்பது அந்தந்தப் பகுதிக்கான வட்டார அலுவலகத்தில். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவு வேண்டும். அது இரண்டு கட்டம்: கட்டுவதற்கு முன் நிறுவும் இசைவு, ஓட்டுவதற்கு முன் இயக்கும் இசைவு. அலுவலகத்தில் சிஎஃப்இ, சிஎஃப்ஓ என்றால்தான் புரியும். கட்டணம் உங்கள் முதலீட்டுத் தொகையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். அதனால் முதலீட்டுச் சான்றிதழைக் கணக்குத் தணிக்கையாளரிடம் சரியாக வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், காத்தா (இடத்தின் சொத்து வரிப் பதிவு) நகல், இட உரிமையாளரின் சம்மதக் கடிதம், இடத்தின் வரைபடம், முதலீட்டுச் சான்றிதழ், வேலை முறையைக் காட்டும் படம், தண்ணீர்க் கணக்கு. கடைசி இரண்டில்தான் விண்ணப்பம் சிக்கும். தண்ணீர்க் கணக்கு என்றால், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் உள்ளே வருகிறது, எத்தனை ஆவியாகிறது, எத்தனை வெளியே போகிறது, எங்கே போகிறது என்ற பட்டியல். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒத்துப்போகாவிட்டால் அன்றே திருப்பிவிடுவார்கள்.

மரம், வேளாண் கழிவு இவற்றை ரசாயனத்தில் சமைத்து வெளுக்கும் வேலை சிவப்புப் பட்டியலில், அதாவது மாசு அதிகமுள்ள தொழில்களின் பட்டியலில் வருகிறது. "சின்ன அளவுதானே" என்பது விலக்கு ஆகாது. உங்கள் அளவு எந்தப் பிரிவில் விழும் என்று வட்டார அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முழுமையான விண்ணப்பத்துக்குத் தண்ணீர்ச் சட்டம் 4 மாதக் கெடு வைக்கிறது. அந்த நான்கு மாதத்துக்கு வாடகை ஓடக்கூடாது என்றால், இசைவு கிடைத்த பிறகு குடியேறுவதாக உரிமையாளரிடம் பேசி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இடம் தேடும்போது நெலமங்கலா, மாகடி, தொட்டபள்ளாபுரா பக்கம் மலிவாக இருக்கிறதே என்று பாய வேண்டாம். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சர்வே எண்ணை வைத்துச் சரிபார்க்காமல் பணம் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வணிக உரிமமும் தனியாக எடுக்க வேண்டும்.

3. பட்டை வாங்குவது

ராமநகரா, கனகபுரா, சிட்லகட்டா பக்கம் பட்டு விவசாயிகளிடம், புழு இலையைத் தின்ற பிறகு மிஞ்சும் குச்சி கட்டுக்கட்டாகக் கிடக்கும். கன்னடத்தில் மல்பெரிக்கு 'ஹிப்புநேரளே' என்று பெயர். அந்தச் சொல் தெரிந்திருந்தால் பேரம் சுலபம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழிலேயே பேசி முடிக்கலாம். குச்சியோடு வெட்டுகிற தோட்டங்களில் வருடத்துக்கு ஐந்து அறுவடை வரைக்கும் வரும். அதனால் ஒரே தடவையில் லாரி நிறைய வாங்க அவசரப்பட வேண்டாம்.

வெட்டி இரண்டு மூன்று நாளுக்குள் உரித்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தால்தான் வரும். உரித்த பட்டையின் மேலுள்ள பழுப்புத் தோலைக் கத்தியின் முனை மழுங்கிய பக்கத்தால் சுரண்டி எடுங்கள். இந்தத் தோல் வேகாது, வெளுக்காது. முடிந்த தாளில் மிளகுத் தூள் தெளித்த மாதிரி நிற்கும். ஆள்கூலி அதிகம் பிடிக்கிற வேலை இதுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க முடியாது.

புழு வளர்ப்பில் படுக்கையின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். குச்சியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். உரிப்பதற்கு முன்பே தண்ணீரில் அலசிவிடுங்கள். அந்தக் கால்சியம் பின்னால் வெளுப்புத் தொட்டியில் சிலிக்கேட்டோடு சேர்ந்து மணல் மாதிரி படியும்.

எடை எப்போதும் உலர் எடைதான். 100 கிராம் பட்டையை 105 டிகிரி ஓவனில் எடை நிலைக்கும் வரை காயவையுங்கள். 88 கிராம் நின்றால் ஈரம் 12%. அப்படியென்றால் 5 கிலோ உலர் எடைக்கு நீங்கள் எடுக்க வேண்டியது 5.7 கிலோ. இந்தச் சோதனை செய்யாமல் காரத்தை நிறுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வேகும்.

4. பாத்திரம், தண்ணீர், மருந்து

கல்யாண அண்டா எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அலுமினிய அண்டாவைக் காஸ்டிக் சோடா அரித்துக் கரைக்கும், கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும். பித்தளையிலிருந்து செம்பு கரையும், அது வெளுப்பைக் கெடுக்கும். எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) பாத்திரம், 100 லிட்டர் கொள்ளளவு. சமைக்கப் போவது 50 லிட்டர் தண்ணீரில்தான், ஏன் 100? கறுப்புத் தண்ணீர் சோப்பு மாதிரி நுரைத்து எழும். முக்கால் நிறைந்தால்கூடப் பொங்கி அடுப்பில் வழியும்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். டேங்கர் தண்ணீர் என்பது போர்வெல் தண்ணீர்தான். ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் பழுப்பாகப் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் முதல் இரண்டு கழுவலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வெளுப்புக்கும் கடைசி அலசலுக்கும் காவேரி தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். துருப்பிடித்த குழாய், பித்தளைக் குழாய்முனை, செம்புச் சுருள் உள்ள கீசர் எதுவும் வெளுப்புத் தண்ணீரின் வழியில் இருக்கக் கூடாது.

மருந்துப் பட்டியல்: காஸ்டிக் சோடா செதில், 50% ஹைட்ரஜன் பெராக்ஸைடு, சோடியம் சிலிக்கேட் கரைசல், எப்சம் உப்பு, ஈடிடிஏ இருசோடியம் உப்பு, சிட்ரிக் அமிலம். காஸ்டிக் 50 கிலோ மூட்டையில் விலை குறையும். ஆனால் பிரித்த மூட்டை காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக் கட்டிதட்டி வலு இழக்கும். பிரித்த அன்றே மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் மாற்றுங்கள். பெராக்ஸைடு கேன் நேர்மாறு. அதன் மூடியில் காற்றுத்துளை இருக்கும், அதை அடைக்கவே கூடாது. ஊற்றி மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றவும் கூடாது. கந்தக அமிலம் வாங்கப் போனால் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள், எதற்கு என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அது சட்டம், ஆதார் நகலோடு போங்கள். சிட்ரிக் அமிலத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்த வேலையும் இல்லை.

முகக் கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கத்திலேயே ஓடும் தண்ணீர்க் குழாய். இவை இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். கண்ணில் காஸ்டிக் தெறித்தால் 15 நிமிடமாவது நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை.

5. சமையல்

முதல் நாள் இரவே பட்டையை ஊறவையுங்கள். காலையில் 50 லிட்டர் தண்ணீரில் 612 கிராம் காஸ்டிக் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். இது உலர் எடையில் 12%, செதிலின் தூய்மை 98% என்று வைத்த கணக்கு. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறிச் சீறி முகத்தில் அடிக்கும்.

பட்டையை அமிழ்த்தி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். கடலோர ஊர்களுக்கு எழுதிய குறிப்பில் இரண்டரை மணி என்று இருந்தால், இங்கே மூன்றரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று டிகிரி வித்தியாசம் அவ்வளவு இழுக்கும்.

வெந்ததா என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இழையைப் பாருங்கள். தடிமனான ஒரு துண்டை எடுத்து அலசி, இழை ஓடும் திசைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் மெல்ல இழுங்கள். சிலந்தி வலை மாதிரி விரிந்து பிரிந்தால் வெந்துவிட்டது. நாராக நின்று எதிர்த்தால் இன்னும் அரை மணி. தொட்டாலே சிதைந்தால் தாண்டிவிட்டீர்கள், அடுத்த தடவை காரத்தை 10%-ஆகக் குறையுங்கள்.

இறக்குவதற்கு முன் பிஹெச் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். கறுப்பு நிறம் மறைக்கும். அதனால் சொட்டைச் சுற்றிப் பரவும் ஈரத்தின் விளிம்பில் நிறத்தைப் படியுங்கள். 11-க்குக் குறையக் கூடாது. காரம் தீர்ந்துபோனால், கரைந்த லிக்னின் திரும்ப வந்து இழையின் மேலேயே படியும். அந்தப் பழுப்பு முதலில் இருந்ததைவிடப் பிடிவாதமானது.

6. கழுவல், கறுப்புத் தண்ணீர்

நைலான் வலைப் பையில் சூடாக இருக்கும்போதே வடித்து, முதல் கழுவலுக்கு வெந்நீர். ஆறவிட்டுக் கழுவினால் கரைசல் இழைக்குள் சிக்கிக்கொள்ளும். நான்கு கழுவல், கடைசித் தண்ணீர் கண்ணாடி டம்ளரில் நிறமில்லாமல் தெரிய வேண்டும், பிஹெச் 8-க்குக் கீழே. தண்ணீரை மிச்சப்படுத்த, இன்றைய கடைசிக் கழுவல் தண்ணீரை நாளைய முதல் கழுவலுக்கு வையுங்கள். செலவும் குறையும், கழிவும் குறையும்.

கைவசம் ஆய்வகம் இருந்தால் இங்கே காப்பா எண் பாருங்கள். ஒரு கிராம் உலர் கூழ் பத்து நிமிடத்தில் எத்தனை மில்லி 0.1 நார்மல் பெர்மாங்கனேட்டைத் தின்கிறது என்ற கணக்கு அது. வந்த எண்ணை 0.15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லிக்னின் விழுக்காடு. தடவைக்குத் தடவை இந்த எண் ஆடினால் கோளாறு சமையலில்தான்.

இப்போது அந்தக் கறுப்புத் தண்ணீர். 5 கிலோ பட்டையில் பாதி கரைந்துவிட்டது. அந்த இரண்டரை கிலோவும் 150 லிட்டர் தண்ணீரில் இருந்தால் அதன் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அந்தக் கழிவு சிதைய இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்குச் சுமார் 20,000 மில்லிகிராம். நீர்நிலைக்கு விட அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 250. எண்பது மடங்கு. சாக்கடையில் ஊற்றினால் உங்களுக்கு முன்னால் அந்த ஏரிக்கரைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பெங்களூர் ஏரிகள் ஏற்கெனவே நுரைத்துக் கிடக்கின்றன, அதில் நம் பங்கும் சேர வேண்டாம்.

"தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள்" என்பார்கள். சோடியம் மண்ணை இறுக்கும், நாளடைவில் தண்ணீரே இறங்காது. அதற்கு ஒரு வழி உண்டு: காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ். அதே வேலைக்கு எடையில் 1.4 மடங்கு வேண்டும், விலையும் அதிகம், ஆனால் கழிவில் இருப்பது பயிருக்கு வேண்டிய பொட்டாசியம். நடுநிலையாக்கி, நீர்த்து, வாரியத்தின் அனுமதியோடு மட்டுமே நிலத்துக்கு விடலாம். சிறிய அலகுக்கு இதுவே நல்ல வழி என்பது என் துணிபு. சோடாவில்தான் ஓட்டுவது என்றால், முதல் வடிநீரைத் தனிப் பீப்பாயில் பிடித்து, நடுநிலையாக்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்ளுமா என்று இசைவு விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

7. உலோகத்தை எடுப்பது

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. இரும்பு, மாங்கனீஸ், செம்பு ஆகியவற்றின் சிறு துளிகூடப் பெராக்ஸைடை வெறும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும்.

கூழ் இப்போது உலர் எடையில் 2.5 கிலோ இருக்கும். மொத்தம் 50 லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்து, சிட்ரிக் அமிலத்தால் பிஹெச்சை 5-க்கும் 6-க்கும் இடையில் கொண்டு வந்து, 10 கிராம் ஈடிடிஏ. 65 டிகிரியில் அரை மணி. அமிலம் விடும்போது தண்ணீர் பழுப்பாகக் கலங்கினால் கழுவல் போதவில்லை, ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள். முடிந்ததும் நன்றாகக் கழுவுங்கள். ஈடிடிஏ உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, தண்ணீரோடு வெளியே அனுப்ப வேண்டியது நீங்கள்.

8. வெளுப்பு

கூழைப் பிழிந்து, தண்ணீரோடு சேர்த்து மொத்தம் 25 கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். சேர்க்கும் வரிசை முக்கியம்: எப்சம் உப்பு 2.5 கிராம், சிலிக்கேட் 75 கிராம், காஸ்டிக் 50 கிராம், கலக்கிய பிறகு கடைசியாக 50% பெராக்ஸைடு 150 கிராம். பிஹெச் 10.5 முதல் 11. வெப்பம் 70 முதல் 75 டிகிரி, ஒன்றரை மணி நேரம்.

பெராக்ஸைடு ஊற்றியதும் கவனியுங்கள். சின்னச் சின்னக் குமிழ் இயல்பு. சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்து எழுந்தால் உலோகம் மிஞ்சியிருக்கிறது, மருந்து காற்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தடவையை அங்கேயே நிறுத்திக் கழுவி, ஏழாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மேலே மேலே ஊற்றுவது பணத்தைக் கொதிக்கவைப்பதுதான்.

முடிவில் கொஞ்சம் பெராக்ஸைடு மிஞ்சியிருக்க வேண்டும், போட்டதில் பத்தில் ஒரு பங்காவது. சோதனைத் தாளில் பார்க்கலாம். முழுதும் தீர்ந்த பிறகும் சூடும் காரமும் தொடர்ந்தால் கூழ் திரும்ப மஞ்சளாகும். "ஒரு மணியில் நல்ல வெள்ளையாக இருந்தது, மூன்று மணியில் மங்கிவிட்டது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். அலசி, சிட்ரிக் அமிலத்தால் பிஹெச் 6-க்குக் கொண்டு வந்து நிறுத்துங்கள்.

கடைக்காரர் ஹைப்போகுளோரைட்டைத்தான் முதலில் நீட்டுவார். மலிவு, சூடே வேண்டாம், கண்ணெதிரே வெளுக்கும். ஆனால் பிஹெச் 9-க்குக் கீழே இறங்கினால் இழையையே அறுக்கும். தாள் வெள்ளையாக இருக்கும், மடித்தால் உடையும். அமிலம் கலந்தால் குளோரின் வாயு. கழிவில் குளோரோஃபார்ம் முதலான குளோரின் சேர்மங்கள் வருவதால் இசைவு வாங்குவதும் கடினமாகும். வேண்டாம்.

9. செலவும் நேரமும்

ஒரு கிலோ வெளுத்த உலர் கூழுக்குக் காஸ்டிக் 265 கிராம், பெராக்ஸைடு 60 கிராம், சிலிக்கேட் 30 கிராம், ஈடிடிஏ 4 கிராம். வாங்குகிற அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அதிகம் வராது. எரிவாயுதான் தின்னும். ஒரு தடவைக்கு மூன்று சூடேற்றலும் சேர்த்து ஏறக்குறைய 2 கிலோ எல்பிஜி, 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்பது தடவைக்கு வரும். பாத்திரத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி சுற்றினால் இன்னும் நீளும். ஊருக்கு வெளியே என்றால், பட்டை உரித்த குச்சியே நல்ல விறகு. நகருக்குள் புகைக்குப் புகார் வரும், காற்றுச் சட்ட இசைவிலும் எரிபொருளைக் குறிப்பிட வேண்டும்.

நேரம்: ஓர் இரவு ஊறல், முதல் நாள் சமையலும் கழுவலும், இரண்டாம் நாள் உலோக நீக்கமும் வெளுப்பும். இடையில் ஓர் இரவு கூழை ஈரமாக விடலாம், இரண்டு இரவு விட்டால் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும்.

கைத்தாள் பயிற்சி வேண்டும் என்றால் ஜெய்ப்பூர் சாங்கானேரில் குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம் இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயரில் அமைந்தது. கூழின் வலிமையையும் வெண்மையையும் முறைப்படி அளக்க சஹாரன்பூரில் மத்தியக் கூழ், காகித ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் எடுத்து, பாதியை இருட்டான உறையிலும் பாதியை வெயில் படும் சன்னலிலும் ஒரு வாரம் வைத்து ஒப்பிடுங்கள். சன்னல் பாதி மஞ்சளாகியிருந்தால் அந்தத் தடவையின் சமையல் நேரத்தையும் கடைசிக் கழுவலின் பிஹெச்சையும் முதலில் பாருங்கள்.